கழுவும் வாளியில் விழுந்த தண்ணீர்

தகர வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் யாராவது வாளி நிரப்பினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். எண்பதுகளில், பினாங்கு மலைப்பாதையின் நடுவே இருந்த ஓர் ஓய்வுக் கொட்டகையில் கேட்ட சத்தம் அது.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு போத்தல் தண்ணீரை அடிவாரக் குழாயில் பிடித்துச் சுமந்து வரவேண்டும். மேலே சீனப் பெரியவர்கள் சிலர் அதைக் கொதிக்கவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுப்பார்கள். காசு கிடையாது. என்னை அங்கே கூட்டிப்போனவள் எங்கள் அலுவலகத்துக் கேஷியர். சீனப் பெண், கிட்டத்தட்ட என் வயது. அடுப்படியில் நின்ற பெரியவர் அவளுடைய அப்பா. டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரே கிண்டல். "மலை ஏறணும்னா தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறு லா, முருகனாச்சும் பாப்பாரு. அங்க நம்மாளு யாரு இருக்கா?" நம்மாள் யாரும் இல்லைதான். புல் வெட்டுகிற நம் ஆட்கள் அடிவாரத் தோட்டத்தோடு நின்றுவிடுவார்கள். ஆனால் வாரம் முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த ஈரமண் வாசனையும் குரங்குகளின் சேட்டையும் பிடித்துப்போயின. மலையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பினேன்.

பெரியவர் என் போத்தலைச் சிரித்த முகத்தோடு வாங்கி, குவளை கழுவும் வாளியில் ஊற்றுவார். மற்றவர்களின் தண்ணீர் அடுப்பில் கொதிக்கும் கேத்தலுக்குள் போகும். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் முறை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பல வாரங்கள் அப்படியே நினைத்து, நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

ஒரு ஞாயிறு காலை ஒரு சீனத் தம்பதி முதல்முறையாக வந்தார்கள். அவர்கள் தண்ணீர் நேராகக் கேத்தலுக்குப் போயிற்று. அடுத்து நீட்டிய என் போத்தல் வாளிக்குப் போயிற்று. கேஷியர் அதைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமல் ஹொக்கியன் சீனத்தில் பதில் சொன்னார். பினாங்கில் வளர்ந்தவள் நான், அந்த மொழி எனக்குப் பாதியாவது விளங்கும். அவங்க கொண்டாற தண்ணியில நாம தேத்தண்ணி போடுறதில்ல என்றார். நானும் அவளும் ஒரே குழாயில், ஒருவர் பின் ஒருவராக நின்று பிடித்த தண்ணீர் அது.

அவள் வாளிப் பக்கம் வந்தாள். தன் போத்தலைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை வாளியில் கவிழ்த்தாள். பெரியவர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மகளுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் தன் தண்ணீரைத் தானே வாளியில் ஊற்றினாள். வீட்டிலும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது. "விட்டுடு லா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று கெஞ்சிப் பார்த்தேன். நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசிக்கொள்வோம். "உனக்கு இல்லாம இருக்கலாம், எனக்கு இருக்கு" என்றாள். உண்மையில் எனக்கும் இருந்தது. தெரிந்துவிட்ட பிறகு அந்தத் தேநீரை நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. ஏன் தெரிய வைத்தாய் என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு மழைக்காலத்தில் பெரியவர் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் நினைவு திரும்பவேயில்லை. சாவு வீட்டுக்குப் போனேன். கொட்டகைக்காரர்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார். துக்க உடையில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அப்பாகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி, உன் தண்ணி ஏன் வாளிக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சந்தோஷமாத்தான இருந்தே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கண்டும் காணாம இருந்திருந்தா, அவரு கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்திருப்பாரு."

இப்போது அந்த மலையில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். யாரும் அவர்களை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அடுத்தவருக்காக நிற்கவேண்டும் என்று என் பேத்தி பேசும்போது பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. நிற்பது ஏதோ சும்மா கிடைக்கிற காரியம் என்பதுபோல் பேசுகிறாள்.

கேஷியர் இன்றும் சீனப் பெருநாளுக்குத் தொலைபேசியில் அழைப்பாள். முழங்கால் வலியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி வெகுநேரம் பேசுவோம். அன்று அவள் செய்ததற்கு நான் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. சொன்னால், அவள் அப்பாவை இழந்ததற்கே நன்றி சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.