நீந்தி வந்த பீச்சிகள்

குளச்சலில் கரையேற்றிய படகுகளின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்பவன் ஜாஸிம். அங்கே சின்னப் பைகள் போலக் கொழகொழவென்று ஒட்டியிருக்கும் பீச்சிகள், தொட்டால் கண்ணிலேயே தண்ணீர் பீச்சும். மட்டமான பெயிண்டில்தான் அவை பூஞ்சை போல முளைக்கின்றன என்று பெயிண்டர் ரெனிஷோடு பதினைந்து வருடமாகச் சண்டை.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அவன் மனைவி ஷஹ்லா இரண்டு பீச்சிகளைக் கேட்டு வாங்கி, ஒன்றின் முட்டையோடு மற்றதன் விந்தைக் கடல்நீரில் கலந்தாள். முட்டை பிளந்து இரண்டானது, நாலானது, பிறகு எண்ண முடியவில்லை.

மறுநாள் அவளுடைய ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்த ஜாஸிம் துள்ளினான். “ஏட்டி, வாலாட்டி நீந்துதே! தலைப்பிரட்டையா?”

“உங்க பீச்சிக்குஞ்சுதான்! இனி தலையால எங்கயாவது ஒட்டும், வாலு தானா சுருங்கிப் போவும்.”

ஜாஸிம் ஒரே ஓட்டமாகக் கடற்கரைக்குப் போய் ரெனிஷைக் கட்டிப்பிடித்தான்.

“மக்கா, ஒனக்க பெயிண்டு நல்ல பெயிண்டுதான்! இதெல்லாம் நீந்தி வந்ததாக்கும்!”