மிச்சமான விறகு

மாதக் கடைசியில் வீட்டில் விறகு மிச்சமிருந்தால் யாராவது பயப்படுவார்களா? நல்லமுத்து பயந்தான். சின்னக்கானல் எஸ்டேட்டில் கொடுக்கும் விறகு இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். அதன்பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பன்னிரண்டு வீட்டிலும் சுள்ளி பொறுக்கித்தான் அடுப்பெரியும். 1974 டிசம்பர் இருபத்தெட்டாம் தேதியோ, அவன் வீட்டு மூலையில் முழுசாக ஒரு கட்டு கிடந்தது.

பயம் அவனோடு கூடப் பிறந்தது. பஸ் ஏறினால் இறங்கும்வரை டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தாள் பதித்து ஆணி அடிப்பது அவன் வேலை. தாள் அலுமினியம்தான், பழைய பழக்கத்தில் ஈயத்தாள் என்பார்கள். அப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிதான் கிழிந்து ஒதுக்கிய தாள்களைக் கம்பளிக்குள் சுருட்டி, வாசல் காவலைத் தாண்டி, ஐந்து நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும்.

போன மார்கழியில் தலைப்பிள்ளை குளிர் தாங்காமல் பிறந்த இருபதாம் நாள் செத்துப்போனது. இப்போது பிறந்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றரை மாதம். தகரக் கூரையின் கீழ் எவ்வளவு எரித்தாலும் சூடு நிற்பதில்லை. தேயிலையைக் காக்கிற தாள் பிள்ளையைக் காக்காதா என்று நினைத்துத்தான் துணிந்தான்.

முதலில் சொதப்பினான். பெட்டியில் பழகிய கை, மூங்கில் பட்டை கொடுத்துத் தாளைத் தகரத்தோடு ஒட்டி இறுக்கிவிட்டது. விடிந்து பார்த்தால் தாளெல்லாம் வியர்த்துப் பிள்ளை மேல் சொட்டுகிறது. “இது தேயிலைப் பெட்டியா, வீடா? புள்ளையக் கொல்லப் பாக்குறீகளா?” என்று அவன் மனைவி அழகுத்தாய் கத்தினாள். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பிடுங்கி, தகரத்துக்கு நான்கு விரற்கடை கீழே, சட்டங்களின் அடியில் அடித்தான். நடுவில் காற்றுக்கு இடம் இருந்தது. அடுப்பின் சூடு மேலே போய்த் திரும்பி இறங்குவதை அன்று மாலையே இருவரும் உணர்ந்தார்கள். அதில்தான் விறகு மிச்சமானது.

அந்த மாதம் எஸ்டேட்டின் நிழல் மரங்களை யாரோ திருட்டுத்தனமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாச்சர் சுருளிவேல் வாசலில் தலையை நீட்டினான், மூலையில் கிடந்த கட்டைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் காலையில், தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டர் ஆறுமுகசாமியோடு வந்தான்.

“ஊரே சுள்ளி பொறுக்குது. உனக்கு மட்டும் ஏதுடா வெறகு? எங்கிட்டு வெட்டுன?” என்றார் கண்டக்டர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் விறகுத் திருடன். திறந்தால் தாள் திருடன். நல்லமுத்து மேலே கூரையைக் காட்டினான்.

கண்டக்டர் அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தித் தாளடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் அவன் திக்கித் திக்கிச் சொன்னான்.

“வெறகு உன்னோடதுதான், ஒத்துக்கிடுறேன். தாளு எஸ்டேட்டுச் சொத்து. இப்பவே கழத்திக் குடுத்துட்டேன்னா மேல சொல்ல மாட்டேன்.”

வேலை தப்பியதே! நல்லமுத்து பாய்ந்துபோய் முக்காலியைப் போட்டு ஏறினான். முதல் ஆணியைப் பிடுங்கியும்விட்டான். தாளின் ஒரு முனை தொங்கியது.

“இந்தாருங்க, எறங்குங்க” என்றாள் அழகுத்தாய். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டருக்கு எதிரே வந்து நின்றாள். “தாளு கெடக்கட்டும்யா. இனிமே எங்களுக்கு வெறகைப் பாதியாக் குடுங்க. போன வருசம் முழு வெறகும் குடுத்தீக. புள்ளதான் தங்கல.”

கண்டக்டர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “பாதிதான். பொறவு பத்தலைன்னு வந்து நிக்கப்படாது” என்றார். மூலையில் கிடந்த விறகுக் கட்டையும் அந்தக் கணக்கில் தூக்கிக்கொள்ளும்படி வாச்சருக்குக் கைகாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

நல்லமுத்து முக்காலியிலேயே நின்றான். வேலை பிழைத்தது என்றதும் பிள்ளையை மறந்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசி, கூரையைப் பார்த்துக்கொண்டே அழுதான். அவள் சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.