இடி கேட்டால் பிடுங்கும் பிளக்

மலைமேல் சில கிராமங்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில் எங்கள் பக்கம் இடி உறுமினால் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் பிடுங்குவதுதான். காயப் போட்ட மிளகை அள்ளுவதுகூட அதற்கப்புறம்தான். போன கோடையில் இறங்கிய இடியில் எங்கள் ரூட்டரின் வைஃபை செத்துப்போனது. ஒயர் வழி மட்டும் ஓடுகிறது. அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே என் மனைவி பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். அன்று காலையிலும் பிடுங்கியிருந்தாள்.

மூன்று மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஓடிவந்தாள். செவிலியர் வேலைக்குத் தேர்வானவள். எந்த ஊர் வேண்டும் என்று அன்று ஐந்து மணிக்குள் இணையத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் மிச்சம் கிடக்கிற ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். புருஷன் இங்கே மரவள்ளி போட்டிருக்கிறான், பிள்ளைக்கு இரண்டு வயது. மழையில் செல்போன் டவரும் படுத்துவிட்டது.

"ஏனுங்க ஐயா, உங்க கம்ப்யூட்டர்ல பாக்கலாங்களா?"

"உக்காரு கண்ணு, அஞ்சு நிமிசம்."

புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய பெட்டியில் நானே லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி எழுந்தது. பக்கம்தான் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்றது. ஏழு முறை முயன்றேன், ஏழு முறையும் அதே பதில்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். ரூட்டரில் நான்கு விளக்குகளும் எரிந்தன. கறுப்புத் திரையில், இணைப்பைச் சோதிக்கும் பிங் இருபது அனுப்பினேன், இருபதும் திரும்பி வந்தன. ஒயரில் குறையில்லை. வேறு பிரவுசர், வேறு தளம் எல்லாம் பார்த்தேன், எதுவும் திறக்கவில்லை. பெட்டியைப் பிரித்து மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"ஸ்குரூ டிரைவரு கைக்கு வந்துட்டா இவரு பெரிய டாக்டருங்க," என்றாள் மனைவி, வாசலில் மிளகைக் கூட்டியபடி. "நீதான் நர்சாச்சே, பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் குடு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மணி என்னாச்சுங்க?" என்றாள்.

நாலு பத்து. அதற்கு முன்பும் மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லியிருந்தேன்.

கணினி தனக்குள் எழுதிக்கொள்ளும் பதிவுகளில் பிழை ஏதாவது சிக்கும் என்று, அன்றைய தேதியை அடித்து, அந்த நாளின் பதிவுகளை மட்டும் காட்டச் சொன்னேன். ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரமாக என்னோடு மல்லுக்கட்டும் பெட்டி ஒரு வரிகூடவா எழுதாது? தேதி என்ன என்று அதனிடமே கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியைச் சொன்னது.

உள்ளே பலகையில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டிருந்தது. பிளக் மாட்டியிருக்கும்வரை தெரியாது. பிடுங்கினால் பெட்டிக்கு நாள் மறந்துபோகும். தாங்கள் நம்பகமானவை என்று தளங்கள் காட்டும் சான்றிதழ்கள் சமீபத்தில் கொடுக்கப்பட்டவை. மூன்று வருஷம் பின்னால் நிற்கிற கணினிக்கு அவை இன்னும் செல்லாதவை. நேரத்தை இணையத்தில் கேட்டுத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியும் இருந்தது. பெட்டி எழ இரண்டு நொடி மிச்சமாகும் என்று அதை நிறுத்தியவன் நான்தான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் அடித்தேன். பக்கம் திறந்தது. மலையில் காலியிடம் ஒன்று என்றிருந்தது.

"மத்தியானம் ரெண்டு எடம் இருக்குன்னு சொன்னாங்களே!" என்றாள் அவள். ஊரைக் குறித்து உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

குண்டனி நாட்டுப் பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

"தொடாதீங்க!" "தொடாத!" என்று அந்தப் பெண்ணும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் பிளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நவுருங்க. இடி உழுந்தா ஊடே கருகிப் போயிரும்."

"ஒரு நிமிசம் பொறு."

"இந்த ஒரு நிமிசத்தைத்தான் மூணு மணியிலிருந்து சொல்றீங்க!"

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எண்ணினேன். பதினெட்டில் நின்றது.

"வந்திருச்சுங்க!" என்றாள் அந்தப் பெண். திரையில் இருந்த ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். ஒப்புகைத் தாள் அச்சாகி வெளியே வந்ததும் அதைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தூறலில் பிள்ளையிடம் ஓடினாள்.

பிளக்கை நானே பிடுங்கினேன். பெட்டி மறுபடி மூன்று வருஷம் பின்னால் போயிருக்கும். அந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிக் கீழே டவுனுக்குப் போனேன். ஒரு பேட்டரி போதும், நான்கு வாங்கினேன்.