நானே பரப்பிய எச்சரிக்கை

மலேசியாவின் கூலாயில் நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படத்துக்கு நன்கொடை திரட்டினோம். கேமராமேன் ராஜு தன் வங்கிக் கணக்கின் கியூஆரைப் போட்டுப் போஸ்டர் செய்தான். நான் அதை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் லாபிஸிலிருந்து சித்தி கூப்பிட்டார். "ஸ்கேன் பண்ணா யாரோ முனியாண்டின்னு வருதும்மா. ராஜுன்னு வரலையே. பாத்து லா!"

எவனோ கியூஆரை மாற்றிவிட்டான் என்று நினைத்தேன். ராஜு போனை எடுக்காததும் அவன் மேலேயே சந்தேகம் திரும்பியது. "யாரும் பணம் போடாதீங்க, மோசடி!" என்று போஸ்டரோடு சேர்த்து எல்லாக் குழுக்களுக்கும் தட்டிவிட்டேன்.

வேலை முடிந்து ராஜு கூப்பிட்டான். "அலமாக்! அக்கா, முனியாண்டி நான்தான். ஐசியில எனக்குத் தாத்தா பேரு. ராஜு வீட்ல கூப்பிடுறது."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவனுடைய அடையாள அட்டைப் பெயரை நான் கேட்டதே இல்லை.

உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதை ஒருவரும் பரப்பவில்லை. இப்போது போஸ்டரில் கணக்கிலுள்ள பெயரையே பெரிதாகப் போடுகிறோம். யார் மேல் சந்தேகம் வந்தாலும், அவரிடம் பேசாமல் குழுவில் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

போன வாரம் மெர்சிங்கில் இருக்கும் தோழி ஒருத்தி, "ஜாக்கிரதைடி" என்று ஒரு செய்தி அனுப்பினாள். திறந்து பார்த்தேன். "யாரும் பணம் போடாதீங்க, மோசடி!" கீழே ராஜுவின் போஸ்டர்.