நான் எரிய வைத்த பதினொரு விளக்குகள்

பேரூராட்சியின் தெருவிளக்குப் பிரிவுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் அனுபவக் குறிப்பா என்று கேட்பீர்கள். ரிட்டயர் ஆகும்வரை காத்திருந்தால் தப்புகளை மறந்துவிடுவேன். புதிதாக இந்தப் பிரிவுக்கு வருகிறவர்களுக்காக இப்போதே எழுதிவிடுகிறேன்.

1. யாருடைய படி?

குன்னூர் ரோட்டில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு படிப்பாதை கீழே இறங்குகிறது. அது முடிகிற இடத்தில், சிலோனிலிருந்து வந்து குடியேறியவர்களின் காலனி. வழிநெடுகப் பதினொரு கம்பங்கள். நான் சேர்ந்தபோது ஒன்றுகூட எரியவில்லை.

புகார்ப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே பெயரில் ஒன்பது புகார்: பாக்கியம். ஒன்பதுக்கும் எதிரே ஒரே பதில்: 'எஸ்டேட் எல்லை. எஸ்டேட் நிர்வாகத்தை அணுகவும்.' தேயிலை எஸ்டேட் ஆபீசில் கேட்டால் அது பஞ்சாயத்து லைட் என்றார்கள். மின்வாரியத்தில், கம்பமும் கம்பியும் எங்களுடையது, பல்பு உங்களுடையது, பாதை யாருடையது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

பாக்கியம் அக்காவை நேரில் போய்ப் பார்த்தேன். தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை. ஆறு மணி ஷிப்டுக்கு, விடியுமுன் ஐந்தேகாலுக்கே படி ஏற வேண்டும். முந்தைய மழைக்காலத்தில் இருட்டில் வழுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. இனிச் சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது. பேக்டரியில் மாதத்துக்கு மூன்று நாள் லேட்டானால் கொழுந்து எடுக்கத்தான் அனுப்புவார்கள். பாதையில் காட்டெருமை நின்றால் இருட்டில் உருவம் தெரியாது, மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். அது நகரும்வரை கீழேயே நிற்க வேண்டும். அந்த மாதம் அப்படி ஏற்கெனவே இரண்டு நாள் லேட்.

"விடிய அந்தப் படி கண்ணுக்குத் தெரிஞ்சா போதும் மிஸ். வேற ஒண்ணும் கேக்கல்ல."

அதற்குப் பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ரெக்கார்டு ரூமில் இரண்டு நாள் தூசி தின்றேன். எஸ்டேட் அந்தப் பாதையை எப்போதோ பேரூராட்சிக்கே ஒப்படைத்துவிட்ட கடிதமும், அதை ஏற்றுக்கொண்ட மன்றத் தீர்மானமும் கிடைத்தன. செயல் அலுவலரிடம் நீட்டினேன். இ.ஓ. சார் இரண்டு முறை படித்தார்.

"நம்ம பாதைக்கு நாமளே இது நம்முது இல்லைன்னு எழுதிட்டு இருந்திருக்கோம்," என்றார்.

2. ஒரே நாளில்

சிறிய விளக்கு வாங்க வேண்டுமென்றால் டெண்டர், இரண்டு மாதம். ஸ்டோரில் மெயின் ரோட்டுக்கு வந்த தொண்ணூறு வாட்ஸ் வெள்ளை எல்.இ.டி. இருந்தது. அதையே மாட்டிவிடலாம் என்றேன். வயர்மேன் மணி அண்ணனும் தலையாட்டினார்.

"வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குதுன்னு யாருங்க மேடம் பெட்டிசன் போடப்போறாங்க?"

மின்வாரியத்திலிருந்து லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்திக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் பதினொன்றையும் மாட்டிவிட்டோம். நல்ல வெயிலில் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து, புகார் ஆப்பில் 'தீர்க்கப்பட்டது' என்று அமுக்கினேன். சாயங்காலம் மறுபடி போய் மேலேயே நின்று பார்த்தேன். படிப்பாதை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. அன்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் வேறு போட்டேன்.

3. நோட்டீஸ்

பன்னிரண்டு நாள் கழித்து மணி அண்ணன் போன் செய்தார். கீழ்ப்பக்கம் நாலு விளக்குகளின் மேல் யாரோ மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்களாம். கொழுந்து எடுப்பவர்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் ஷீட். விசாரித்ததும் பாக்கியம் அக்கா, நான்தான் கட்டினேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்காக ஓடினேனோ அவரே மூடிவிட்டாரே. உட்கார்ந்த வேகத்தில் பொதுச்சொத்துச் சேதம் என்று நோட்டீஸ் தயாரித்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும். இ.ஓ. சார் மற்ற பைல்களோடு கையெழுத்துப் போட்டார். மணி அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"அந்தக்கா திங்கக்கெழம பத்து மணின்னா ஷிப்டு போச்சுன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த மாதத்தின் மூன்றாவது லேட் அது, கொழுந்துக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டென்று புரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. ஷீட் கட்டிய விளக்குகளைப் போட்டோ எடுத்து ஆதாரம் சேர்க்க, சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கினேன்.

பனிமூட்டம் இறங்கியிருந்தது. முதல் விளக்கைத் தாண்டியதும் பாதையே காணவில்லை. என் வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு, நாலு பக்கமும் சுவராக நின்றது. போட்டிருந்த ஷூகூடத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சறுக்கி இறங்கினேன். ஏழு கம்பம். எட்டாவது கம்பத்தில் மஞ்சள் ஷீட். அதன் அடியில் படியின் விளிம்பு, ஈரம், பாசி எல்லாம் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளாக இருந்ததாலா, கண்கூச்சம் அடங்கியதாலா என்று மணி அண்ணனும் நானும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம்.

கீழிருந்து கம்பை ஊன்றி பாக்கியம் அக்கா ஏறி வந்தார்.

"என்ன மிஸ், உக்காந்துட்டீங்க?"

"படி தெரியலக்கா."

"எங்களுக்குந்தான். ஏறி வாற ஆளு மூஞ்சிக்கு நேரா எரியுது. லைட்டு எரியுதான்னு பாத்துட்டுப் போய்ட்டீங்க. பனி வந்தா அது எரியிறது மட்டுந்தான் தெரியும்."

மறுபடி புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். வெட்கத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"மகன் போன்ல பாத்தான். முடிஞ்சு போச்சுன்னு போட்டிருக்காம். முடிஞ்சதுக்கு எங்க எழுதுறது? இந்த நாலும் மேட்டுல நின்னா எட்டுது. மிச்சத்துக்கு ஏணி இல்ல."

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்த ஏழு கம்பத்தையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே ஏறினோம்.

4. ரத்து

திங்கட்கிழமைவரை பொறுக்க முடியாது. அன்றே எட்டு மணிக்கு இ.ஓ. சார் வீட்டு வாசலில் நின்றேன்.

"ரத்து பண்ணலாம். காரணம் எழுத்துல வேணும். உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம்மா இது. யோசிச்சு எழுது."

யோசித்தால் எழுத மாட்டேன் என்று தெரியும். 'பாதைக்குப் பொருந்தாத விளக்கைப் பொருத்தியது என் தவறு. பனியில் சோதிக்கவில்லை' என்று அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தேன். ரத்துக் கடிதத்தோடு, அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் காலனிக்கு ஓடினேன். பாக்கியம் அக்கா கடிதத்தை மடியில் வைத்து மெதுவாகப் படித்தார்.

"அப்ப திங்கக்கெழம வேலைக்குப் போலாமா?"

போகலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மணி அண்ணனோடு ஏணி போட்டு, மீதி ஏழு விளக்குக்கும் ஷீட் கட்டினேன். சேதப்படுத்தியவர் பட்டியலில் இப்போது நாங்களும் உண்டு.

மூடிய புகாரைத் திறக்க ஆப்பில் வழியில்லை. புதிதாக ஒன்று பதிந்தேன், புகார்தாரர் என் பெயரில். இரண்டு மாதத்தில் டெண்டர் முடிந்து, படியை மட்டும் பார்க்கும் சிறிய மஞ்சள் விளக்குகள் வந்தன. கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்கப்பட்டது, ஓர் எச்சரிக்கைக் குறிப்போடு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. புகாரை முடிக்குமுன், அதைக் கொடுத்தவர் நடக்கும் நேரத்தில், அவர் நடக்கும் திசையில், ஒரு தடவை நடந்துவிடுங்கள்.

நானும் இந்த முறை உடனே 'தீர்க்கப்பட்டது' என்று அமுக்கவில்லை. நாலு விடிகாலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன், வானம் சுத்தமாக இருந்து எரிச்சலூட்டியது. ஐந்தாம் நாள் பனி வந்தது. பாக்கியம் அக்கா எங்கும் நிற்காமல் ஏறி வந்தார். புகார் ஆப்பில் 'திருப்தியா?' என்று கேட்கும் போனை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே அமுக்கிக்குங்க மிஸ்," என்றார், நடையை நிறுத்தாமல். "எனக்கு நேரமாகுது."