ஐந்தாவது நட்டு

எந்த வண்டியில் ஏறுவதாக இருந்தாலும் சக்கரத்து நட்டுகளை எண்ணிவிட்டுத்தான் ஏறுவேன். பஸ் என்றால் பின்சக்கரம் ஒன்றையாவது எண்ணிவிடுவேன். கண்டக்டர் விசில் ஊதுவார், மகன் தலையில் அடித்துக்கொள்வான். எழுபத்தெட்டு வயதில் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல முடியாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பெரியப்பா ஒரு பிளஷர் வாங்கினார். சொந்தக் காரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். மதராஸில் கம்பெனி நடத்திய துரை ஒருவர் கப்பலேறும் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன சீமைக் கார். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மேல்மூடியைக் குடை மாதிரி மடித்து வைக்கலாம். சக்கரத்துக்கு நடுவே வெள்ளித் தட்டு போல ஒரு மூடி மின்னும்.

வாங்குகிற செலவு ஒரு நாளோடு முடிந்துவிடும், வைத்துக்கொள்கிற செலவு முடியாது என்று பெரியப்பாவுக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. பெட்ரோல் அளக்க ஒரு மூங்கில் குச்சியில் கோடு கிழித்தார். ஏழு கோடு. ஹாரன் அடித்தால் பாட்டரி தேயும் என்று ரப்பர் பந்து வைத்த சைக்கிள் ஹாரனைக் கட்டினார். மழைக்காலம் மூன்று மாதமும் டயர் ஈரத்தில் நிற்கக்கூடாதென்று நாலு சக்கரத்தையும் கழற்றி நெல் அறையில் போட்டுவிட்டு, காரை நாலு கருங்கல்லின் மேல் நிறுத்திவைத்தார். சரிவு வந்தால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்பது டிரைவருக்கு நிரந்தர உத்தரவு.

டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. பகலில் மில்லில் இன்ஜின் ஓட்டுவார், கூப்பிட்ட அன்று காரை எடுப்பார். முதல் தடவை சக்கரத்தைக் கழற்றும்போதே இருவருக்கும் வாக்குவாதம்.

"இன்னாத்துக்குய்யா ஒரு சக்கரத்துக்கு அஞ்சு நட்டு?"

"அது கணக்கு மொதலாளி. துரை வச்ச கணக்கு."

"துரைக்குக் கொழுப்பு. நம்ம மாட்டு வண்டிக்கு எத்தினி கடையாணி கீது? ஒண்ணுதான? முப்பது மூட்டை நெல்லு ஏத்திக்கினு போவலியா?"

"அது மாடு மொதலாளி. இது நாப்பது மைல் வேகத்துல போவும்."

"நீ இன்னாத்துக்கு நாப்பதுல போற?"

சக்கரத்துக்கு ஒன்றாக நாலு நட்டை எடுத்துப் பெரியப்பா இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பின்னால் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாமாம். மீதிப் பதினாறும் விளக்கெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் நெல் அறைக்குப் போயின.

நான் அங்கேதான் தப்புச் செய்தேன். ஐந்து இருந்த இடத்தில் நாலு போதுமென்றால், நாலு இருக்கிற இடத்தில் மூன்றும் போதும் என்று பட்டது. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கயிற்றில் கட்டி, ஏரிக்கரையில் கொடுக்காப்புளி அடிக்கப் போனேன். நாலாவது வீச்சில் கயிறு அறுந்தது. நட்டு மதகுக்குப் பக்கத்தில், ஆள் உயரத் தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் டப்பாவைத் திறந்து எண்ணினேன். பதினைந்துதான் இருந்தது.

தை பிறந்ததும் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. இருபத்து நாலு வயது. அதற்கு முன்பு இரண்டு இடம் பேச்சளவில் வந்து நின்றுபோயிருந்தது. இது மூன்றாவது. மாப்பிள்ளை வாலாஜாபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவருடைய தாய்மாமன்.

"எங்க பையன் கட்டை வண்டியில வரமாட்டான். பிளஷர் கீது பிளஷர் கீதுன்னு பெருமை அடிச்சீங்களே, அதுல இட்டுக்கினு போங்க. இல்லன்னா இந்தச் சம்பந்தமே வாணாம், இப்பவே சொல்லிட்டேன்."

கல்யாணத்தன்று காலையில் டிரைவர் சக்கரம் மாட்டியபோது நான் நெல் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மூன்று சக்கரம் முடிந்து நாலாவதில் மூன்று நட்டு மாட்டியவர், டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். வைக்கோலை விலக்கித் தேடினார். தன் சட்டைப் பையைக்கூடத் துழாவினார். பெரியப்பா வருகிறாரா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. தை மாதக் குளிரில் ஒரு மனிதருக்கு ஏன் வியர்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சாமான் காணோமென்றால் அந்த வீட்டில் முதலில் யாரைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளித் தட்டு மூடியை அழுத்தி மாட்டிவிட்டு எழுந்துகொண்டார். இடது பக்கப் பின்சக்கரம் அது.

மாப்பிள்ளைத் தோழனாக என்னைத்தான் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கிய உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊர் நாலரை மைல். முன்னால் டிரைவரும் பெரியப்பாவும். பின்னால் இடது ஓரத்தில் மாப்பிள்ளை, வலது ஓரத்தில் தாய்மாமன், நடுவே நான். மாப்பிள்ளை வீட்டாரில் மற்றவர்கள் மாட்டு வண்டியில் முன்பே போய்விட்டார்கள். புதுச் சட்டையின் ஆறு பித்தானையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மைலில் கார் ஏரிக்கரை மேல் ஏறியது. அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது. இடது பக்கம் கரையை முட்டிக்கொண்டு தண்ணீர், வலது பக்கம் இரண்டு ஆள் பள்ளத்தில் வயல். கரை கொஞ்சம் சரிய ஆரம்பித்ததுமே பெரியப்பா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

"இன்னாங்க, வண்டி நின்னுபோச்சா?" என்றார் தாய்மாமன்.

"நிக்கல. தானா போவுது பாருங்க. சீமை வண்டி!" என்றார் பெரியப்பா.

இன்ஜின் சத்தம் அடங்கியதும்தான் எனக்கு அது கேட்டது. டொக். சற்று நேரம் கழித்து மறுபடியும் டொக். எனக்கு இடது பக்கம் கீழேயிருந்து வந்தது. பதினொன்று வரை எண்ணினேன். அதற்குள் இடைவெளி குறைந்துவிட்டது. முன்னால் டிரைவரின் கழுத்து விறைத்திருந்தது. இன்னும் இரண்டு பர்லாங்கில், ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கலுக்கு இறங்கும் செங்குத்தான சரிவு. அங்கே தண்ணீர் வழிந்து பாசி பிடித்திருக்கும். சக்கரம் அங்கே கழன்றால் நாங்கள் ஐந்து பேரும் ஏரிக்குள்.

சொன்னால் பெரியப்பா என்னைத் தோலுரிப்பார். தாய்மாமன் கல்யாணத்தை நிறுத்துவார். அத்தை கிணற்றில் விழுவாள் என்று, யாரும் சொல்லாமலேயே, நான் முடிவு செய்திருந்தேன். சொல்லாவிட்டால் எல்லோரும் சாகவேண்டும். டொக் டொக் என்று சேர்ந்து கேட்டபோது, மாப்பிள்ளையின் காதோரம் எம்பிச் சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்தச் சக்கரத்துல நட்டு மூணுதான் கீது. ஒண்ண நான் ஏரியில போட்டுட்டேன்."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்க. எனக்குக் கொமட்டிக்கினு வருது."

டிரைவர் அந்த நொடியே பிரேக்கை மிதித்தார். மாப்பிள்ளை குதித்து இறங்கிக் கரையோரம் குனிந்து நின்றார். ஒன்றும் வரவில்லை. பிறகு டிரைவரிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ கேட்டார். தண்ணீர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். டிரைவர் தண்ணீருக்குப் பதிலாக ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தருகே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வண்டி ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே இப்பிடித்தான். நான் நடந்தே வந்துடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"டேய், இன்னாடா இது பேஜாரு? பிளஷர் கேட்டு வாங்கிட்டு நடந்து போனா எவன் மதிப்பான்?"

"அதுக்கு நீ குந்திக்கினு வா மாமா. மெதுவா வரச் சொல்லு, எங்க பின்னாலயே."

பெரியப்பாவின் முகத்தில் கவலையும் நிம்மதியும் சேர்ந்தே தெரிந்தன. ஒன்றரை மைல் பெட்ரோல் மிச்சமாகாதே என்பதுதான் கவலை. நிம்மதி, குறை தன் காரில் இல்லை, மாப்பிள்ளை வயிற்றில்தான் என்பதால்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கலங்கல் தண்ணீரில் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். எங்களுக்குப் பின்னால் கார் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. நான் பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். இவர் எந்த நிமிஷம் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று என் கை அவர் கைக்குள் ஈரமாகிக்கொண்டே இருந்தது. அவரோ எனக்கு எத்தனாம் வாய்ப்பாடு வரை தெரியும் என்று கேட்டார். பதினாறு வரை என்றேன். பதினாறாம் வாய்ப்பாட்டை முழுதாக ஒப்பிக்கச் சொன்னார். பந்தல் வரை நட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பந்தலில், நடந்துவந்த எங்களை யாரும் பார்க்கவில்லை. மேளக்காரர்கள் காரைப் பார்த்து ஓடினார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள், மீசை நரைத்த தாய்மாமனுக்கு முக்கால் சுற்று சுற்றியபிறகே சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்தினார்கள்.

அத்தை உள்ளறையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையை அவள் அதுவரை ஒரே ஒரு தடவை, அதுவும் தலை குனிந்தபடி பார்த்திருந்தாள். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"கூடவே வந்தியே. ஆளு எப்பிடிடா?"

அன்று எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"நல்லவருதான் அத்தை. ஆனா வண்டி ஏறினா வாந்தி வரும். அப்புறம், காது கொஞ்சம் மந்தம்."

அத்தையின் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனாலும் எழுந்து மணைக்குப் போனாள். நான் அவருடைய வலது காதில்தான் சொன்னேன் என்பது நினைவுக்கு வரவே, அந்தக் காதுதான் கேட்காது என்று தீர்மானித்தேன். அவர் விருந்துக்கு வரும்போதெல்லாம், பல மாதம், இடது பக்கமாகச் சுற்றிப் போய் உரக்கக் கத்திப் பேசினேன். ஏன் கத்துகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் உயரத்துக்குக் குனிந்து, கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொண்டார்.