ஷெட்டுக்குள் கேட்ட ஜெபம்

கர்த்தர் என் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் எஸ்தர், திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் குடியிருக்கிறேன். போன ஐப்பசி மழையில் நான் அழுத அழுகை கொஞ்சமல்ல.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், உள்ளறையைத் தாண்டிக் கொல்லைப்புறம் வரை போகும், இரண்டு பேருக்கும் பொது. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்ததும், பக்கத்து வீட்டு வேலு தன் வலைகளைப் போட்டுவைக்க அந்தச் சுவர்மேல் தகர ஷெட் இறக்கிவிட்டார். கேட்கப் போனேன். அவர் மனைவி தனம், "செவுத்துல பாதி எங்களுது. உனுக்கு இன்னா?" என்றாள். நானும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றோடு பேச்சு நின்றது.

மழை வந்ததும் தகரத்துத் தண்ணீர் முழுவதும் எங்கள் பக்கம் கொட்டி, சுவர் ஊறி, உள்ளறை ஈரமாகிவிட்டது. பெரம்பூரில் கட்டிக்கொடுத்த என் மகள் ஷீபா தலைப்பிரசவத்துக்கு வந்து தங்க வேண்டிய அறை அது. வந்து பார்த்த சம்பந்தியம்மா, "இந்த ஈரத்துல பச்சப்புள்ளைய எப்படிங்க வச்சிக்கிறது? நாங்களே பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாய்வீடு இருந்தும் என் பிள்ளைக்கு இல்லாமல் போகிறதே! எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சபைச் சகோதரிகள் சிலர் உபவாச ஜெபத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். நம் ஜெபம்தான் தெரியுமே, தெருமுனை வரை கேட்கும். நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்த ஷெட்டை இடித்துப் போடும்! என் மகள் வந்து பிள்ளையோடு படுக்க ஒரு காய்ந்த இடம் தாரும்!" என்று கதறினேன். மழை விட்டிருந்த நேரம் அது.

கண்ணைத் திறந்தால் வாசலில் தனம்.

"எக்கா, ஷெட்டுலதான் வலை பிரிச்சிகினு இருந்தேன். நீ சொன்னது அல்லாம் கேட்டுச்சி. ஷீபா மாசமா கீறாளா? தண்ணி உள்ள வருதுன்னு சாமிகிட்ட சொல்ற, பக்கத்துல கீற எங்கிட்ட சொன்னா இன்னா?"

நேரே உள்ளறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. புயல் எச்சரிக்கையால் அன்று படகு போகவில்லை. வேலுவும் அவருடைய ஆட்களும் கரையில்தான் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தகரத்தைக் கழற்றி, சுவரைத் தொடாமல் தனியே கம்பு நட்டு, சரிவைத் தங்கள் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். நான் இடிக்கச் சொன்னேன், ஆண்டவர் திருப்பி வைத்தார். அல்லேலூயா!

சுவர் காய்ந்தது. சம்பந்தியம்மாவே ஷீபாவைக் கொண்டுவந்து விட்டார். தை மாதம் பேரன் பிறந்தான். பால் ஊறுவதற்குச் சுறாப் புட்டு செய்து கொல்லைச் சுவருக்கு மேலே நீட்டுகிறவள் தனம்தான். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அவள்தான், என்னைக் கிட்டேயே விடுவதில்லை. இப்போது அவள்மேல் எனக்கு அந்த ஒரு வழக்குத்தான்.

பக்கத்து வீட்டோடு பேச்சில்லாமல் தவிக்கிற சகோதரிகளே, நம் தேவனை நம்புங்கள். முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்கும். ஆனாலும் நீங்கள் வாய்விட்டே ஜெபம் பண்ணுங்கள்.